டிரைவர் சிடியைத் தூக்கிக் குப்பையில போடுங்க மக்கா!

முதல்லயே சொல்லிடறேன், இது சண்டைப் பதிவு. மொக்கையை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிச்சு, அடுத்த பதிவுக்கு வந்து சேருங்க.

"லினக்ஸா? அதுல எதைச் செருகினாலும் டிரைவர் கிடைக்காதேப்பா!"

இந்த ஒரு வாக்கியத்தை ஆபீஸ் கேன்டீன்ல, கல்யாண வீட்டுப் பந்தியில, சக பதிவர்களோட பின்னூட்டத்துல எல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. சொல்றவங்கள்ல பாதிப் பேர் என்னை மாதிரியே இன்ஜினியரிங் முடிச்சுட்டுப் பொட்டி தட்டிப் பொழைக்கிறவங்க. அதான் கோவம். தெரியாதவங்க சொன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். தெரிஞ்சுக்க வேண்டியவங்களே இப்படிச் சொன்னா என்ன பண்றது?

என் கட்சியை இங்கேயே வெச்சுடறேன். ஒரு யூஎஸ்பி சாமானோட டிரைவர் இருக்க வேண்டிய இடம் கெர்னலோட மூல நிரல் மரம். கம்பெனி குடுக்கிற சிடி இல்ல. கம்பெனியோட வெப்சைட் இல்ல. கம்பெனிக்காரன் கிட்ஹப்ல ஒரு நாள் தூக்கிப் போட்டுட்டு அதோட மறந்துபோற ஜிப் ஃபைலும் இல்ல. டிரைவர் மரத்துக்கு வெளிய இருந்தா அது அநாதை. அநாதை டிரைவரை நம்பி நீங்க வாங்கின சாமான் உங்க சாமானே இல்ல, வாடகைக்கு வாங்கினது.

ஏன் இவ்வளவு சூடுன்னு கேட்டா, காரணம் ஒரு தராசு.

*

எங்க ஊர் தேவாரம். தேனி மாவட்டம், உத்தமபாளையம் தாலுகா. மேற்கே திரும்பினா மலை. மலைக்கு அங்கிட்டு இடுக்கி, ஏலத்தோட்டம். மாமா ஒருத்தர் ஊர்ல ஏலக்காய் வாங்கி விக்கிறார். பெரிய வியாபாரி எல்லாம் இல்ல. தோட்டத்துல அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வெச்சிருக்கிறவங்க பையில கொண்டாந்து போடுவாங்க, எடை போட்டுக் காசு குடுப்பார். கிலோ ஆயிரக்கணக்குல போற சரக்கு. நூறு கிராம்ங்கிறது சில்லறை விஷயம் இல்ல.

கடையில எலக்ட்ரானிக் தராசு. தராசுக்குப் பின்னாடி பழைய காலத்து ஒன்பது பின் சீரியல் போர்ட். அதுல இருந்து ஒரு யூஎஸ்பி ஒயர் கம்ப்யூட்டருக்கு. தராசுல வர்ற எடை நேரா பில்லுல ஏறிடும். யாரும் கையால அடிக்க வேண்டியதில்லை. நாலு வருஷமா ஒரு குறை இல்லாம ஓடுச்சு.

ஒரு நாள் காலையில போன் வருது.

"மாப்ள, தராசு பேச மாட்டேங்குதுடா."

"தராசு எப்ப மாமா பேசுச்சு?"

"லொள்ளு பண்ணாத. எடை பொட்டிக்குள்ள வரல. நேத்து ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு."

ராத்திரி கம்ப்யூட்டர் தானா அப்டேட் ஆகியிருக்கு. ஒயருக்குள்ள இருக்கிற குட்டி சிப்போட டிரைவர் புதுசாயிருக்கு. புது டிரைவர் அந்தச் சிப்பைப் பார்த்து 'உன்னை எனக்குத் தெரியாது' என்று சொல்லிடுச்சு. டிவைஸ் மேனேஜர்ல ஒரு மஞ்சள் முக்கோணம், அவ்வளவுதான். கம்பெனி பேரெல்லாம் இங்க வேண்டாம், பேரைச் சொல்லித் திட்டுறது இந்தப் பதிவோட நோக்கம் இல்ல.

அன்னிக்கு முழுக்க மாமா எடையைப் பார்த்துப் பார்த்துக் கையால அடிச்சிருக்கார். 13.250ன்னு அடிக்க வேண்டியது ஒரு இடத்துல 12.350ன்னு விழுந்துடுச்சு. தொள்ளாயிரம் கிராம் போச்சு. சரக்கு கொண்டாந்தவர் வீட்லயே எடை போட்டுப் பார்த்துட்டு வந்தவர். பில்லைப் பார்த்தார். சண்டை எல்லாம் போடல. "இருபது வருசப் பழக்கம்யா, நீயுமா?"ன்னு மட்டும் கேட்டிருக்கார். மாமா உடனே திருத்திக் காசு குடுத்துட்டார். ஆனா அந்த ஒரு கேள்வி இருக்கே, அது இன்னிக்கு வரைக்கும் மாமாவுக்கு முள்ளாக் குத்துது.

அந்த வாரக் கடைசியில ஊருக்குப் போனேன். என் பழைய லேப்டாப்ல லினக்ஸ். அதே ஒயரைச் செருகினேன். ரெண்டு செகண்ட். சிப்பைக் கண்டுபிடிச்சு, சீரியல் போர்ட் தயார்னு கெர்னல் சொல்லிடுச்சு. எடை வந்து விழுந்துச்சு. சிடி இல்ல, டவுன்லோடு இல்ல, ரீஸ்டார்ட் இல்ல.

இப்ப சொல்லுங்க, டிரைவர் கிடைக்காதது எந்தப் பக்கம்?

*

இது எப்படி நடக்குதுன்னு ரெண்டு பத்தியில சொல்லிடறேன். தெரிஞ்சவங்க தாண்டிப் போயிடுங்க.

யூஎஸ்பி சாமான் எதைச் செருகினாலும் அது முதல்ல ரெண்டு எண் சொல்லும். ஒண்ணு கம்பெனியோட எண், இன்னொண்ணு சாமானோட எண். கூடவே தான் எந்த வகையறான்னும் சொல்லும்: விசைப்பலகையா, பென்டிரைவா, கேமராவான்னு. கெர்னல்ல இருக்கிற ஒவ்வொரு யூஎஸ்பி டிரைவரும் 'இந்த எண் வந்தா என்னைக் கூப்பிடு' என்று ஒரு பட்டியல் வெச்சிருக்கும். மாட்யூல்களை நிறுவும்போது அந்தப் பட்டியல் எல்லாம் ஒரே கோப்பாத் திரட்டப்படுது. சாமானைச் செருகினதும் கெர்னல் குரல் குடுக்கும், யூடெவ் அந்தக் கோப்பைப் புரட்டும், பொருந்துற மாட்யூலை மட்டும் ஏத்தும். முடிஞ்சது.

சரி, இந்த டிரைவரை எல்லாம் எங்க வெச்சிருக்காங்க? யூஎஸ்பியோட கடைசி எழுத்துக்கு அர்த்தமே பஸ்தான். டிரைவர்ஸ் ஃபோல்டருக்குள்ள இருக்கிற யூஎஸ்பி ஃபோல்டரை ஒரு பஸ் ஸ்டாண்டுன்னு வெச்சுக்கங்க. 'கோர்' என்கிற பகுதி டைம் கீப்பர். 'ஹோஸ்ட்' என்கிற பகுதி போர்டில் இருக்கிற கன்ட்ரோலர் சிப்போட பேசும். பஸ்ல வந்து இறங்கினவங்க எல்லாரையும் ஸ்டாண்டுலயே படுக்க வைக்க முடியுமா? வெப்கேம் இறங்கினா மீடியா வீட்டுக்குப் போகும். நெட்வொர்க் அடாப்டர் நெட் வீட்டுக்கு. மவுஸும் கீபோர்டும் எச்ஐடி வீட்டுக்கு. ஹெட்செட் சவுண்ட் வீட்டுக்கு. பென்டிரைவும் சீரியல் ஒயரும் ஸ்டாண்டு பக்கத்துலயே தனித்தனி அறை எடுத்துத் தங்கும்.

இது வெறும் ஃபோல்டர் அழகு இல்லீங்க. எந்த வழியா வந்துச்சுங்கிறதைப் பார்க்காம, வந்து என்ன வேலை செய்யுதுங்கிறதை வெச்சுப் பிரிச்சிருக்காங்க. அதனால யூஎஸ்பி கேமராவோட டிரைவரைக் கேமரா தெரிஞ்சவங்க பார்ப்பாங்க, நெட்வொர்க் டிரைவரை நெட்வொர்க் தெரிஞ்சவங்க பார்ப்பாங்க. பொதுவான வேலையை ஒரே தடவை எழுதினாப் போதும். சீரியல் ஒயர்ல அம்பது வகைச் சிப் இருக்கலாம். ஆனா போர்ட்டைத் திறக்கிறது, மூடுறது, நடுவுல பிடுங்கினா என்ன பண்றதுங்கிறது எல்லாத்துக்கும் ஒண்ணுதான். அதை நடுவுல வெச்சுட்டு, சிப்புக்குச் சிப்பு மாறுறதை மட்டும் சின்னச் சின்ன டிரைவராப் பிரிச்சு வெச்சிருக்காங்க.

மெயின்டெய்னர்ஸ்னு ஒரு கோப்பு இருக்கு. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, எந்த மின்னஞ்சல் குழுவுக்கு எழுதணும், நிலைமை என்ன - எல்லாம் அதுல இருக்கும். கவனிக்க ஆள் இருந்தா 'பராமரிப்பில்', அப்பப்ப மட்டும் பார்த்தா 'அவ்வப்போது', ஆளே இல்லைன்னா 'அநாதை'. அநாதைன்னு நான் திட்டல மக்கா, அந்தக் கோப்புல நிஜமாவே அப்படித்தான் எழுதியிருக்கும். தன் டிரைவருக்குப் பார்க்க ஆள் இல்லைங்கிறதை ஊரறிய எழுதி ஒட்டுற கம்பெனி ஒண்ணு காட்டுங்க பார்ப்போம்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கெர்னலுக்கு உள்ள ஒரு ஃபங்ஷனை ஒருத்தர் மாத்துறார்னு வைங்க. அதைப் பயன்படுத்துற மரத்துக்குள்ள இருக்கிற அத்தனை டிரைவரையும் அவரே திருத்திக் குடுக்கணும். அதுதான் அங்க நடைமுறை. தெருவைத் தோண்டிக் குழாய் மாத்துறவன், அந்தத் தெருவுல இருக்கிற ஒவ்வொரு வீட்டு இணைப்பையும் சரி பண்ணிட்டுத்தான் போகணும்ங்கிற மாதிரி. (நம்ம ஊர்ல தோண்டுறவன் மூடுறதே இல்ல, அது வேற கதை.) ஊருக்கு வெளிய, பட்டா இல்லாம, யாருக்கும் தெரியாம ஒரு வீடு கட்டி வெச்சிருந்தா? அந்த வீட்டுக்குத் தண்ணி வராது. வந்து சண்டை போட்டாலும், 'உங்க வீடு இங்க இருக்குன்னே எங்களுக்குத் தெரியாதே'ன்னுதான் சொல்லுவாங்க. வெளிய இருக்கிற டிரைவரோட கதை இதுதான்.

*

இனி வழக்கமா வர்ற எதிர்வாதங்கள். அனானிங்க எழுதறதுக்கு முன்னாடி நானே எழுதிடறேன்.

"உள் இடைமுகத்தை மாத்தாம நிலையா வெச்சிருந்தா, கம்பெனிங்க ஒரு தடவை டிரைவர் எழுதிட்டு நிம்மதியா இருப்பாங்களே?"

கேட்க நல்லாத்தான் இருக்கு. லினக்ஸ்ல யூஎஸ்பி ஆரம்பிச்ச 1999ல கோர் நிரலை லினஸ் டோர்வால்ட்ஸே உக்காந்து எழுதினார். 2001 ஜனவரியில் 2.4 கெர்னலோட அது எல்லார் கைக்கும் வந்துச்சு. அன்னிக்கு எழுதின இடைமுகத்தை அப்படியே உறைய வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? யூஎஸ்பி உள் இடைமுகத்தை மூணு தடவையாவது திருத்தி எழுத வேண்டி வந்ததுன்னு, ரொம்ப வருஷம் அந்தப் பகுதியைப் பராமரிச்ச கிரெக் க்ரோ-ஹார்ட்மன் கெர்னல் ஆவணத்துலயே எழுதி வெச்சிருக்கார். பழசைச் சுமந்துக்கிட்டே இருந்தா புதுசும் ஓடணும், பழைய ஓட்டையும் இருக்கணும். சுமக்காததால என்ன கிடைச்சுச்சு? யூஎஸ்பி 3.0க்கு முதல்ல ஆதரவு குடுத்தது லினக்ஸ்தான். 2009 செப்டம்பர், 2.6.31 கெர்னல், எழுதினவர் சாரா ஷார்ப்.

அப்புறம், நிலையான இடைமுகம்னு மார்தட்டுற பக்கம் மட்டும் என்ன நடந்துச்சாம்? 2007ல் விஸ்டா வந்தப்ப 64-பிட் பதிப்புல பழைய 32-பிட் கெர்னல் டிரைவர் ஏறவே ஏறாது. 64-பிட்டுக்குப் புதுசா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கம்பெனி குடுக்கணும். குடுக்காத கம்பெனிகளோட ஸ்கேனரும் பிரின்டரும் பரணுக்குப் போச்சு. சாமான் கெடல, டிரைவர்தான் செத்துச்சு. மரத்துக்குள்ள இருந்த லினக்ஸ் டிரைவருங்க? மூல நிரல் கையில இருக்கு, 64-பிட்டுக்குக் கம்பைல் பண்ணிக்கிட்டு நடையைக் கட்டுச்சு. 2012ல் ராஸ்பெரி பை வந்தப்ப அதே நிரல் ஏஆர்எம் சிப்புலயும் ஓடுச்சு. எந்தக் கம்பெனிகிட்டயும் போய்க் கையேந்தல.

"கம்பெனிக்குத் தெரியாததா இவங்களுக்குத் தெரியும்? செஞ்சவன் எழுதறதுதானே ஒழுங்கா இருக்கும்?"

எஃப்டிடிஐ கதையைக் கேளுங்க. யூஎஸ்பி-சீரியல் சிப் செய்யுற ஸ்காட்லாந்துக் கம்பெனி. அவங்க சிப்புக்கு ஏகப்பட்ட போலி. அந்தக் கோவம் நியாயம், ஒத்துக்கறேன். ஆனா 2014ல் விண்டோஸ் அப்டேட் வழியா வந்த அவங்க டிரைவர், போலிச் சிப்பைக் கண்டா அதுக்குள்ள இருக்கிற சாமான் எண்ணையே பூஜ்யமா மாத்தி எழுதிடுச்சு. அதுக்கப்புறம் அது எந்த விண்டோஸ்ல செருகினாலும் பொணம். போலி செஞ்சவனுக்கு என்ன நஷ்டம்? அவன்தான் அப்பவே காசு வாங்கிட்டுப் போயிட்டானே. அடி வாங்கினது கடையில ஒயர் வாங்கினவன். கூச்சல் கிளம்பினதும் அந்த டிரைவரைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. 2016ல் இன்னொரு பதிப்பு வந்துச்சு. இந்தத் தடவை சிப்பைக் கொல்லல. வர வேண்டிய தகவலுக்குப் பதிலா 'இது அசல் சாமான் இல்ல'ங்கிற அர்த்தத்துல ஓர் ஆங்கில வாசகத்தை போர்ட்டுல அனுப்புச்சு. எங்க மாமா கடையில எடை வர்ற கட்டத்துல அது வந்து விழுந்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தராசுன்னா பரவாயில்ல, ஆஸ்பத்திரி மெஷின்னா?

லினக்ஸ்ல என்ன பண்ணாங்க? பூஜ்யமாக்கப்பட்ட அந்த எண்ணையும் எஃப்டிடிஐ டிரைவரோட பட்டியல்ல சேர்த்தாங்க. அந்த வருஷம் டிசம்பர்ல வந்த 3.18 கெர்னல்லயே வந்துடுச்சு. விண்டோஸ்ல செத்த ஒயர் லினக்ஸ்ல எழுந்து உக்காந்துச்சு. செஞ்சவன் கொன்னதைச் செய்யாதவன் பொழைக்க வெச்சான். டிரைவர் யார் கையில இருக்கணும்ங்கிற கேள்விக்கு இதைவிட என்ன பதில் வேணும்?

"கம்பெனி உதவி இல்லாம ஓசியில யார் எழுதுவா?"

மிஷேல் க்ஸார்னு ஒரு பிரெஞ்சுக்காரர். தொழில் டாக்டர். மருந்து எழுதற நிஜ டாக்டர்தான். அவர் தனியாளா எழுதின டிரைவர்ல இருநூறுக்கும் மேற்பட்ட வெப்கேம் ஓடுச்சு. ரொம்ப நாள் மரத்துக்கு வெளியதான் இருந்துச்சு. அவர் ஒருத்தருக்கு முடியாமப் போனா அத்தனை கேமராவும் குருடாயிருக்கும். 2008ல் 2.6.27 கெர்னல்ல, மத்தவங்க கையும் சேர்ந்து திருத்தி, உள்ள வந்துச்சு. அதுக்கப்புறம் அது ஒரு மனுஷனோட உடம்பை நம்பி இல்ல. மரத்துக்குள்ள போறதுன்னா அர்த்தம் இதுதான்.

கம்பெனிகளுக்கும் கதவு திறந்துதான் இருந்துச்சு. 2007 ஜனவரியில் கிரெக் பகிரங்கமா அறிவிச்சார்: உங்க சாமானோட விவரத்தைக் குடுங்க, டிரைவரை நாங்களே இலவசமா எழுதித் தர்றோம்னு. அடுத்த வருஷமே, இன்னும் பக்குவம் ஆகாத டிரைவருக்குன்னு 'ஸ்டேஜிங்'னு ஒரு இடம் ஒதுக்கினாங்க. வீட்டுக்குத் திண்ணை மாதிரி. குளிக்காம வந்தவன் முதல்ல திண்ணையில உக்காரட்டும், சுத்தமானதும் உள்ள வரட்டும். இதுக்கு மேல என்னய்யா பண்ணணும், வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கணுமா?

"எல்லாத்தையும் உள்ள வெச்சா கெர்னல் வீங்கிடுமே?"

மூல நிரல்ல பாதிக்கு மேல டிரைவர்தான், உண்மை. ஆனா அது மூல நிரல்ல. உங்க மெமரியில ஏறுறது நீங்க செருகின சாமானோட மாட்யூல் மட்டும்தான். நூலகத்துல லட்சம் புத்தகம் இருக்குன்னா நீங்க லட்சத்தையும் தலையில தூக்கிக்கிட்டா வீட்டுக்குப் போறீங்க?

*

நியாயமாப் பேசணும்ல, எங்க பக்கத்து ஓட்டையையும் சொல்லிடறேன்.

ஒண்ணு, உள்ள இருந்துட்டா டிரைவர் சுத்தம்னு அர்த்தம் இல்ல. 2017ல் கூகிள்ல இருந்த ஆந்த்ரே கொனோவலோவ், சிஸ்காலர்ங்கிற சோதனைக் கருவியை யூஎஸ்பி பக்கம் திருப்பினார். தாறுமாறான போலிச் சாமான்களைச் செருகுற மாதிரி செருகிப் பார்த்தா, பழைய டிரைவருங்க பொத்துப் பொத்துன்னு விழுது. அந்த நவம்பர்ல பாதுகாப்பு ஓட்டைன்னு 14ஐ ஒரே மடல்ல பட்டியல் போட்டார். வெட்கம்தான். ஆனா கவனிங்க: எல்லாம் ஒரே மரத்துல இருந்ததாலதான் ஒரு மனுஷனால அத்தனையையும் தட்டிப் பார்க்க முடிஞ்சுச்சு, திருத்தவும் முடிஞ்சுச்சு. சிடியில இருக்கிற டிரைவரை யார் தட்டிப் பார்த்தா? ஓட்டை இல்லாததால அமைதியா இருக்கா, பார்க்க ஆள் இல்லாததால அமைதியா இருக்கா?

ரெண்டு, உள்ள இருந்தாலும் வெளிய போகும் காலம் வரும். பழைய செல்போன்ல இருந்த இன்ஃப்ராரெட் இணைப்பு ஞாபகம் இருக்கா? அதுக்கான பகுதி 2017ல் திண்ணைக்கு வந்து, 2018ல் 4.17 கெர்னலோட கிளம்பிடுச்சு. ஒயர்லெஸ் யூஎஸ்பின்னு ஒண்ணு, யாருமே வாங்கல, அதுவும் 2019ல் திண்ணை, 2020ல் வழியனுப்பு. ஆனா சொல்லாமக் கொள்ளாம இல்ல. 'யாராவது பயன்படுத்தறீங்களா, பார்த்துக்க ஆள் இருக்கா'ன்னு பொதுவுல கேட்டு, காத்திருந்து, அப்புறம்தான். நாளைக்கே வேணும்னா பழைய நிரல் வரலாற்றுல அப்படியே கிடக்கு. ராத்திரியோட ராத்திரியா மஞ்சள் முக்கோணம் வரல.

மூணு, வைஃபை டாங்கிள். இங்க எனக்கே வாய் அடைக்குது. கம்பெனி தூக்கிப் போட்ட நிரலை எவனோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு கெர்னலுக்கும் ஒட்டுப் போட்டு ஓட்டிக்கிட்டிருப்பான். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் வருது, ஒவ்வொண்ணுக்கும் உடையும். 'லினக்ஸ்ல டிரைவர் கிடைக்காது'ங்கிற பேச்சுக்கு இதுவும் ஒரு பெரிய காரணம். ஆனா இந்த நோய்க்கும் மருந்து அதேதான். 2023 பிப்ரவரியில் வந்த 6.2 கெர்னல்ல ரியல்டெக் சிப்புகளுக்கான ஆர்டிடபிள்யூ88 டிரைவருக்கு யூஎஸ்பி ஆதரவு உள்ளயே வந்துச்சு. அது ஆதரிக்கிற டாங்கிள் வெச்சிருக்கிறவங்க அன்னியோட வெளி நிரலைத் தலைமுழுகலாம். மரத்துக்கு வெளிய இருக்கிறதால வர்ற வலியைக் காட்டி மரத்தையே குறை சொல்றது எந்த ஊர் நியாயம்?

*

இப்ப நம்ம முதுகைப் பார்ப்போம்.

2011 செப்டம்பர் 15ல் தமிழ்நாட்டுல இலவச லேப்டாப் திட்டம் தொடங்குச்சு. அந்த லேப்டாப்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. சி-டாக் சென்னையில உருவாக்கினது. பள்ளிக்கூடத்துல எனக்கும் ஒண்ணு கிடைச்சுச்சு. பாஸ் பக்கம் எத்தனை பேர் போனோம்? எங்க வகுப்புல யாரும் போகல. நானும் போகல. அரசாங்கம் கையில குடுத்ததைத் திறந்து பார்க்காதது நம்ம குத்தம். அதே சமயத்துல போடிமெட்டு ஏறியோ கம்பம்மெட்டு ஏறியோ அங்கிட்டு இறங்கினா, கேரளாவுல பள்ளிக்கூடப் பசங்க லினக்ஸ்லயே பாடம் படிச்சுக்கிட்டிருந்தாங்க. 2001ல் தொடங்கின ஐடி@ஸ்கூல், 2017ல் கைட்னு தனி நிறுவனமாவே ஆயிடுச்சு. ஒரே மலைக்கு ரெண்டு பக்கம்.

பட்டியல்ல ஒரு எண் சேர்க்கிறது ராக்கெட் விஞ்ஞானம் இல்ல மக்கா. மாமா அப்புறம் இன்னொரு தராசு வாங்கினார். இதுல யூஎஸ்பி உள்ளயே இருக்கு. செருகினா லினக்ஸ்ல ஒண்ணும் வரல. பிரிச்சுப் பார்த்தா உள்ள தெரிஞ்ச சிப்தான், தராசுக்காரன் தன் எண்ணைப் போட்டிருக்கான். ஓடிக்கிட்டிருக்கிற கெர்னல்லயே 'இந்த எண்ணையும் பார்த்துக்கோ'ன்னு டிரைவருக்குச் சொல்ல ஒரு வழி இருக்கு. சொன்னேன், ஓடுச்சு. அதோட விட்டிருந்தா நானும் குறை சொல்ற கும்பல்லதான். ஒரு வரிப் பேட்ச் எழுதி அனுப்பினேன். முதல் மடல் போய்ச் சேரவே இல்ல. எச்டிஎம்எல்ல அனுப்பினா அந்தக் குழு ஏத்துக்காது. ரெண்டாவது மடல்ல டேப் எல்லாம் ஸ்பேஸ் ஆகிப்போச்சு, திருத்தி அனுப்புன்னு பதில். மூணாவது ஒழுங்காப் போச்சு, ஏத்துக்கிட்டாங்க. ஒரு வரிக்கு மூணு மடலான்னு நொந்துக்கிட்டேன். இப்ப யோசிச்சா, அந்தக் கறார் இருக்கிறதாலதான் அந்த மரம் இன்னும் நிக்குது.

மென்பொருள் ஏற்றுமதின்னு நெஞ்சை நிமித்தற ஊர்ல இருந்துக்கிட்டு ஒரு வரி எழுத நமக்கு நேரம் இல்ல. 'லினக்ஸ் தேறாது'ன்னு பின்னூட்டம் போட மட்டும் நேரம் இருக்கு. ஆபீஸ்ல ஆணி புடுங்குறதுல பத்துல ஒரு பங்கு இங்க புடுங்கினாப் போதும்.

கடைசியா, கேட்க வேண்டிய இடத்துல கேட்கிறேன். அரசாங்கம் சாமான் வாங்குறது என்னை மாதிரி ஒண்ணு ரெண்டு இல்ல, ஆயிரக்கணக்குல. தராசு, கைரேகைக் கருவி, பிரின்டர், கேமரா. டெண்டர்ல ஒரே ஒரு வரி சேருங்க: 'இந்தச் சாமான் யூஎஸ்பியோட பொது வகைகளுக்குள் இயங்க வேண்டும், அல்லது இதற்கான டிரைவர் லினக்ஸ் கெர்னலின் மூல மரத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும்.' காசு அதிகம் செலவாகுற விஷயம் இல்ல. பென்டிரைவுக்கும் கீபோர்டுக்கும் நீங்க என்னிக்காவது சிடி தேடினீங்களா? பொது வகைக்குள்ள செஞ்சா தனி டிரைவரே வேண்டாம். ஒத்தை ஆள் கேட்டா கம்பெனி சிரிக்கும். மாநிலம் கேட்டா மறுநாளே ஆள் வெச்சுப் பேட்ச் அனுப்பும். இந்த வரி இல்லாம வாங்குற ஒவ்வொரு சாமானும், கம்பெனி கைவிடற அன்னிக்குப் பரணுக்குப் போற சாமான்தான். அது நம்ம வரிப்பணம்.

பதிவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. அடுத்த தடவை யூஎஸ்பி சாமான் எது வாங்கினாலும் லினக்ஸ்ல செருகிப் பாருங்க. ஓடுச்சா, எந்தச் சிப், எந்தக் கெர்னல்னு தமிழ்ல நாலு வரி எழுதி வைங்க. ஓடலைன்னா அந்த ரெண்டு எண்ணையும் எழுதுங்க. தேடி வர்றவனுக்கு அது உதவும்.

மாமா கடையில இப்ப லினக்ஸ்தான். தராசு தினமும் பேசுது. ஆனாலும் அந்த நாளுக்கப்புறம் ஒவ்வொரு எடையையும் பில்லோட நிறுத்தாம ஒரு நோட்டுலயும் எழுதி, சரக்கு கொண்டாந்தவர்கிட்டக் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கிறார். "அதான் சரியா வருதே, இன்னும் எதுக்கு மாமா நோட்டு?"ன்னு கேட்டேன்.

"உன் பொட்டியை நம்புறேன்டா மாப்ள. அவர் என்னை நம்பணும்ல?"

டிஸ்கி: விண்டோஸ் ரசிகர்கள் கும்மி அடிக்க வரலாம், தடையில்ல. ஆனா வரும்போது உங்க வீட்டுப் பரண்ல கிடக்கிற, டிரைவர் இல்லாத பழைய ஸ்கேனரையும் தூக்கிட்டு வாங்க. என் லேப்டாப்ல செருகிப் பார்த்துட்டு அப்புறம் பேசுவோம்.